சோடா குறைத்த சோப்பு

பட்டாசுக் கம்பெனி விபத்தில் என் அண்ணன் மனைவிக்கு, என் மதினிக்கு, வலது கை முழங்கை வரை வெந்துபோனது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அந்தக் கையைத் துணி துவைக்கிற பார் சோப்பு போட்டுத்தான் கழுவுவாள். புதுத்தோல் சிவந்து காந்தும். பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி தேய்ப்பாள். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"இம்புட்டுக் கஞ்சத்தனம் ஆகாது மதினி. குளிக்கிற சோப்பு வாங்கக்கூடவா வக்கத்துப் போயிட்டோம்?"

"எனக்கு இது போதும் தாயி."

கடை சோப்பு வேண்டாமென்றால் போகட்டும், நானே செய்து தருகிறேன் என்று கிளம்பினேன். எனக்கு வேலை சிவகாசியில் காலண்டர் அச்சகத்தில். சோப்புக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? மகளிர் குழுவில் ஒருநாள் கற்றுக்கொடுத்தார்கள். காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் கரைத்துத் தேங்காய் எண்ணெயில் ஊற்றிக் கிண்டினால் இரண்டும் சேர்ந்து சோப்பாகிவிடும். சோடா மிஞ்சினால் தோலை அரிக்கும். எண்ணெய் கொஞ்சம் மிஞ்சினால் தோல் மெத்தென்றிருக்கும். அதனால் நொந்த தோலுக்குச் சோடாவைக் குறைத்தே போட வேண்டும். இதெல்லாம் கவனமாகத்தான் கேட்டேன். எந்தப் பாத்திரத்தில் கரைப்பது என்று சொன்னபோது மட்டும் பக்கத்திலிருந்தவளோடு ஊர்க்கதை பேசியிருப்பேன். என் வாய் அப்படி.

வீட்டில் அலுமினியச் சட்டியில் தண்ணீர் வைத்துச் சோடாவைக் கொட்டினேன். உஸ்ஸென்று சத்தம். அடுப்பே இல்லாமல் ஆவி கிளம்பியது, சட்டி நுரைத்துப் பொங்கியது. என்னவென்று குனிந்தேன். பின்னாலிருந்து ஓடிவந்த மதினி என் சடையைப் பிடித்துத் தெருவரைக்கும் தரதரவென்று இழுத்துப் போய்விட்டாள்.

"அலுமினியத்துலயா கரைச்ச, கிறுக்கி!"

கம்பெனியில் அலுமினியப் பவுடர் கலந்தவள் அவள். ஒன்றும் வெடிக்கவில்லை. சட்டி கறுத்து, பொங்கி அடங்கியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அணுகுண்டா வச்சேன், இந்த ஓட்டம் ஓடுறீக?"

அவள் சிரிக்கவில்லை. என் சடையை விடாத தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கும் இப்பிடித்தான் உஸ்ஸுன்னுச்சு. புதுப்பட்டிக்காரி என் பக்கத்துலதான் குனிஞ்சு உக்காந்திருந்தா. ஒரே வேன்ல போவோம், ஒரே தூக்குவாளியில சாப்பிடுவோம். நான் மட்டும் எந்திரிச்சு ஓடிட்டேன். இந்தக் கை அன்னைக்குச் சும்மாதான இருந்துச்சு? அவ சடையப் பிடிக்க எம்புட்டு நேரம் ஆயிருக்கும்?"

அந்தத் தோழி அன்றே போய்விட்டாள். 'நீயாவது பிழைச்சியே' என்று ஊரே மதினியிடம் சொன்னது. நானும் அப்போது அதையேதான் சொல்லியிருந்தேன். நடுத்தெரு என்றும் பாராமல் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

அப்புறம் பிளாஸ்டிக் வாளியில் கரைத்துச் செய்தேன். சோப்பு இறுகி, காரம் அடங்க வாரக்கணக்கில் ஆறவிட வேண்டும். பொறுமைக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம், ஆனாலும் அதைத் தொடாமல் காத்திருந்தேன். கடைசியில் ஒரு துண்டு சோப்பை எடுத்துப்போய் நானே அவள் கையில் தேய்த்துவிட்டேன்.

"காந்துதா மதினி?"

"இல்ல."

சந்தோஷப்படுவாள் என்று முகத்தைப் பார்த்தேன். கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"அடுத்த தடவை சோடா கொஞ்சம் கூடப் போடுறியா தாயி?"

"மாட்டேன்" என்றேன். கையை உருவப் பார்த்தாள். விடாமல் பிடித்துக் கழுவிவிட்டேன்.