அலறலுக்கு விருது

டீயைக் கொட்டியது நான்தான். முழு டம்ளர், சுடச்சுட, நேராக ஆம்ப்ளிஃபயரின் தலையில். இப்படி மானம் போகிற விஷயத்தை யாராவது கற்பனை செய்து தனக்கே சூட்டிக்கொள்வார்களா? மாட்டார்கள். ஆகவே, இனி சொல்லப்போவதும் நடந்ததுதான். அதுவும் பட்டப்பகலில். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தபோது.

சினிமா பேச ஆரம்பித்த காலத்தில் கொடுத்த விருதுகளெல்லாம் தகுதியானவர்களுக்குத்தான் போயினவா என்று மறுபடி பார்க்க ஒரு குழு போட்டிருந்தார்கள். தலைவர் ஒரு பேராசிரியர். சினிமாவைப் பாடமாக நடத்தி, அதில் தூக்கம் வரவழைத்தவர். அடுத்து, ஓய்வுபெற்ற ஒலிப்பதிவாளர் அக்கா. மூன்றாவது நான். படங்களைக் கிண்டலடித்து எழுதிப் பிழைப்பவன். 'நக்கல்' என்றால்தான் எல்லோருக்கும் தெரியும்.

பழைய படங்களைப் பாதுகாக்கும் காப்பகம் அது. உள்ளேயே சின்னதாக ஒரு தியேட்டர். அன்றைக்கு முடிவு செய்யவேண்டியது ஒரே விருது. சிறந்த நடிப்பு.

ஒரே ஓர் அலறலுக்காக அந்தக் காலத்தில் ஒரு நடிகைக்குக் கொடுத்தது அது. வலது பக்கம் தம்பியின் பிணம் கிடக்கும். அவரோ இடது பக்கம், மேலே எங்கேயோ பார்ப்பார். அலறல் முதலில் கேட்கும். வாய் அப்புறம்தான் திறக்கும். 'துக்கம் உடம்பை முந்துகிறது' என்று தலைவர் இதைப் பற்றி ஆறு பக்கம் எழுதியிருக்கிறார்.

ஆனால், அந்தப் படத்தில் பேசியது அந்த நடிகை இல்லை. செட்டுக்குப் பக்கத்தில் மறைவாக இன்னொரு பெண் நின்று பேச, இவர் வாயசைத்தார். துறையில் இருக்கிற எல்லோருக்கும் இது தெரியும். பேசியவரின் பெயர் மட்டும் ஒருவருக்கும் தெரியாது. படத்தில் போடவில்லை. சுவரொட்டியில் போடவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

"பேசினவங்களைக் கண்டுபிடிச்சு, அவங்களுக்கும் விருதுல பாதி குடுங்க சார்," என்றேன்.

"முகம்தான்யா நடிப்பு. குரல் குடுக்கறது கூலி வேலை," என்றார் தலைவர்.

"கூலி வேலையா? அப்புறம் என்னத்துக்கு சார் அதைப் பேசும்படம்னு சொல்றோம்?"

கோபத்தில் கையை வீசினேன். டம்ளர் அந்தக் கையில்தான் இருந்தது.

புஸ்ஸ்ஸ்...

படம் ஓட்டுகிற ஆப்பரேட்டர் அண்ணன் வந்து பார்த்தார். ஒயரைப் பிடுங்கினார். "செத்துப்போச்சு," என்றார். என்னையும் அதே கண்ணோடுதான் பார்த்தார்.

"பரவாயில்ல, சத்தமில்லாமலே ஓட்டுங்க," என்றார் தலைவர். "முகத்தைத்தானே பாக்கணும்?"

"காதைக் கழட்டி வச்சிட்டுக் கச்சேரி கேக்கறாப்ல," என்று அக்கா முணுமுணுத்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேசும்படத்தை ஊமையாக்கி வைத்துக்கொண்டு தீர்ப்பாம்! இத்தனை வருடமாகப் பெயரைத்தான் மறைத்தார்கள். இப்போது குரலையும் சேர்த்துப் புதைக்கிறார்கள். அதற்கு உதவி செய்தது என் டீ. என்னையே நாலு அறை விடலாம் போலிருந்தது.

விளக்குகள் அணைந்தன.

படம் ஓடியது. பின்னாலிருந்து புரொஜெக்டரின் கடகட சத்தம். வேறு எதுவும் இல்லை. திரையில் நடிகை வந்தார். தம்பியிடம் ஏதோ கேட்டார். வாய் மட்டும் அசைந்தது.

கொஞ்ச நேரத்தில் நடிகையின் வசனம் கேட்டது.

மெல்லிசாக. ஆனால் தெளிவாக. ஆம்ப்ளிஃபயர் பிழைத்துக்கொண்டது என்றுதான் முதலில் நினைத்தேன். மனசுக்குள் டீக்கு நன்றிகூடச் சொன்னேன்.

திரும்பிப் பார்த்தேன். ஒயர் தரையில் கிடந்தது.

அக்கா என் கையைப் பிடித்தார். "ஸ்பீக்கர் ரெண்டு பக்கச் சுவத்துல இருக்கு," என்றார். "இது திரைக்குப் பின்னாலேர்ந்து வருது."

தம்பி பேசினான். அவன் குரல் கேட்கவில்லை. வேலைக்காரர் பேசினார். கேட்கவில்லை. பின்னணி இசை இல்லை. அவள் குரல் மட்டும்...

வசனத்துக்கு வசனம் அவள் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது.

கருகல் வாடை வந்தது. என் புண்ணியத்தில் வந்த வாடை என்றுதான் நினைத்தேன். ஆனால், ஒயர் கருகினால் முடி பொசுங்குகிற வாடையா வரும்?

அந்தக் காட்சி வந்தது.

வலது பக்கம் பிணம்.

நடிகை இடது பக்கம் திரும்பினார்.

அலறல்.

அது ஸ்பீக்கரில் கேட்கிற அலறல் இல்லை. நாற்காலி அதிர்ந்தது. தலைவர் காதைப் பொத்திக்கொண்டார்.

வழக்கமாக அந்த அலறலோடு காட்சி மாறிவிடும். காட்சி மாறியது.

அலறல் நிற்கவில்லை.

பிறகு... விம்மல். அதற்கு நடுவில், படத்தில் எங்கேயும் இல்லாத ஒரு வார்த்தை.

"பாக்காதடி..."

மறுபடியும்.

"பாக்காதடி..."

நான் எழுந்து ஓடினேன். வாசலுக்கு ஓடியிருந்தால் புத்திசாலி. திரைக்குப் பின்னால் ஓடினேன். வெறும் சுவர். ஓர் ஒட்டடைக் கம்பு. அவ்வளவுதான்.

விளக்குகள் எரிந்தன. தலைவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். குரல் நடுங்கினாலும் மனுஷர் விடவில்லை. "போதும். முடிவு பண்ணியாச்சு. அந்த அலறலுக்கே விருது."

"யாருக்கு?"

என் தோளுக்குப் பக்கத்திலிருந்து வந்தது.

"நக்கல், வாயை மூடுய்யா!" என்று தலைவர் கத்தினார்.

நான் வாயைத் திறக்கவே இல்லை.

"யாருக்கு?"

இந்தத் தடவை அவர் காதுக்குப் பக்கத்தில்.

அவர் போன வேகத்தில் ஒரு செருப்பு அங்கேயே கிடந்தது. வேறு நாளாக இருந்தால் அதை வைத்தே நாலு பக்கம் எழுதியிருப்பேன்.

அக்காவிடம் கேட்டேன். "ஏதோ கரண்ட் கோளாறு," என்றார், என் முகத்தைப் பார்க்காமல். ஆப்பரேட்டர் அண்ணனிடம் கேட்டேன். "எனக்குப் படம் ஓட்டத்தான் தம்பி சம்பளம்." தலைவர் போனையே எடுக்கவில்லை.

எனக்கு பயத்தைவிடக் கோபம்தான் அதிகமாக இருந்தது. அந்தக் குரலுக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். அது எனக்கு வேண்டும்.

மறுநாள் காலையில் நடிகையின் மகளுக்குப் போன் செய்தேன். எண்பதைத் தாண்டியவர். விருதை மறுபடி அம்மாவுக்கே கொடுத்தாலும் வாங்கிக்கொள்ள வரமாட்டேன் என்று முன்பே காப்பகத்துக்குச் சொல்லியிருந்தார்.

"படத்துல உங்கம்மாவுக்குக் குரல் குடுத்தது யாரும்மா?"

"எங்க பெரியம்மா. அம்மாவோட கூடப்பிறந்த அக்கா."

"அவங்களுக்கும் சேத்து விருது குடுக்கணும்னு நான்..."

"எதுக்கு? நடிப்புக்கா?"

அவரே தொடர்ந்தார்.

"இத்தனை வருஷத்துல நீங்கதான் கேட்டிருக்கீங்க. அதனால சொல்றேன், தம்பி. அந்தக் காட்சி எடுக்கும்போது, செட்டுக்கு இடது பக்கம் மேல கட்டியிருந்த பெரிய விளக்கு கழண்டு பெரியம்மா மேல விழுந்துச்சு. புடவை பத்திக்கிச்சு. கத்தினது அவங்க. அதுதான் அவங்க கடைசியா கத்தினது. டைரக்டர் கேமராவை நிறுத்தச் சொல்லல. எங்கம்மா அங்க நடிக்கவே இல்ல... அக்காவைப் பாத்துக்கிட்டு நின்னாங்க."