ஹரிதாஸ் மாமா மாட்டிய காற்றுக் குழாய்

ஹரிதாஸ் மாமா முப்பத்தோரு வருஷம் எங்கள் தோட்டத்து லோரி டிரைவர். மலைச்சரிவிலிருந்து தேயிலைக் கொழுந்து மூட்டைகளைத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் வேலை. லோரியின் மீட்டர் முள் வேலை செய்யாத வருஷங்களே அதிகம். வண்டி இழுக்கிறதா, திணறுகிறதா என்பதை அவர் சத்தத்தை வைத்துத்தான் சொல்வார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

ஓய்வு பெற்ற ஆறாம் மாதம் உமாதேவி அத்தைக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. வாரம் மூன்று நாள் மலையடிவாரத்தில், தாப்பாவில், டயாலிசிஸ். மாமா தன் பழைய வீரா காரில் அத்தையைக் காலையில் மலையிறங்கிக் கூட்டிப் போவார். இறக்கம் பரவாயில்லை. திரும்பி ஏறுவதுதான் கொடுமை. நனைந்த துணிபோல் துவண்டு கிடக்கும் மனுஷியை வைத்துக்கொண்டு, வளைவு வளைவாக ஒன்றே முக்கால் மணி நேரம். வீட்டுக்குப் போய்த் தன் கட்டிலில் படுத்தால் போதும் என்பாள் அத்தை. அந்த நேரத்தில் ஒரு கால் மணியாவது குறைக்க வேண்டும். மாமாவுக்கு வேறு ஆசை இல்லை.

தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்திலிருந்து பல்கலைக்கழகம் போய் எந்திரப் பொறியியல் படித்து வந்த முதல் ஆள் நான். என் பட்டமளிப்புப் படம் மாமா வீட்டுச் சுவரிலும் தொங்குகிறது. அதனால்தான் கைப்பேசியில், இன்ஜினுக்குக் காற்று இழுக்கும் குழாய் பற்றிய ஒரு வீடியோவைக் காட்டி என்னிடம் கேட்டார்.

"தம்பி, இந்தக் குளிர்காத்துக் குழாய் போட்டா காடி நல்லா இழுக்குமா? நீ படிச்ச புள்ள, சொல்லு."

குளிர்ந்த காற்று அடர்த்தியானது, அதில் ஆக்சிஜன் அதிகம், பெட்ரோல் நன்றாக எரியும், சக்தி கூடும் என்றேன். பாடத்தில் பிழை இல்லை. அவருடைய காரின் மூடியைத் திறந்து பார்க்காமல் சொன்னேன், அவ்வளவுதான்.

அடுத்த வாரமே ஈப்போவில் மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். பளபளக்கும் அலுமினியக் குழாய், அதன் முனையில் சிவப்புக் கூம்பாக ஒரு ஃபில்டர். கார் உறுமிக்கொண்டு லயத்துக்குள் வந்ததும் ஆட்கள் கூடிவிட்டார்கள்.

"அத்தைய ரேஸுக்கா கூட்டிட்டுப் போறீங்க மாமா?" என்றான் பக்கத்து வீட்டுத் தனேஸ். "நம்ம ஊருல காத்தே ஏர்கோன்லா. இதுக்கு மேல என்ன குளிரு?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் அதுதான்.

பிறகு மூடியைத் திறந்து பார்த்தேன். கார் கம்பெனியே வைத்த கறுப்பு ஃபில்டர் பெட்டி, அதுவரை முன்விளக்குக்குப் பின்னாலிருந்து வெளிக்காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. எங்கள் மலைக்காற்று. அதைக் கழற்றிப் பின்வாசலில் போட்டிருந்தார். புது ஃபில்டரோ ரேடியேட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இன்ஜினின் சூட்டையே குடித்துக்கொண்டிருந்தது. மெதுவாக ஏறும் மலைப் பாதையில் அது எதையும் கூட்டாது. சற்றுக் குறைத்தாலும் குறைக்கும்.

"கேட்டியா, எப்படி இழுக்குது?" என்று மாமா என் முகத்தையே பார்த்தார். அத்தைக்கு வியாதி வந்தபிறகு அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை.

"நல்லா இருக்கு மாமா," என்றேன்.

பத்து நிமிஷம் மிச்சம் என்று எட்டு மாதம் எல்லோரிடமும் சொன்னார். யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அத்தையைக் கேட்டால், ஆமாம், சீக்கிரம் வந்துவிட்டோம் என்பாள்.

மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தையின் இதயம் நின்றுவிட்டது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து என் அம்மா பவளம் அவருக்குத் தேநீர் கொடுத்தாள். காரை யாருக்கும் கொடுக்கப் போவதில்லை என்று மாமா பேச்சை ஆரம்பித்தார். உமாவுக்கு அந்தச் சத்தம் பிடிக்கும் என்றார். அம்மாவால் அதற்குமேல் அடக்க முடியவில்லை.

"முன்னெல்லாம் ஏறுற வழியில ரிங்லெட் வர்றதுக்குள்ள தூங்கிடுவாளாம்ணே. அந்தச் சத்தம் வந்த பிறகு, வீடு வர்ற வரைக்கும் கண்ணு மூட முடியலையாம். யார்கிட்டயும் சொல்லாதேன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டா."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க சந்தோஷமா இருந்தீங்களாம்."

மாமா தேநீரைக் குடிக்காமல் கீழே வைத்தார்.

மறுநாள் மாமாவும் நானும் சேர்ந்து குழாயைக் கழற்றினோம். கறுப்புப் பெட்டியைத் துடைத்துத் திரும்ப மாட்டும்போது எல்லாவற்றையும் சொன்னேன். அது ஒன்றுக்கும் உதவாது என்பதையும், அன்றைக்கே எனக்குத் தெரியும் என்பதையும். அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். கிளிப்பை அழுத்திப் பார்த்து, இன்னொரு முறை அழுத்திப் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை, சிகிச்சை நாளில் போகும் அதே நேரத்துக்குத் தனியாகத் தாப்பாவுக்குப் போனார். மாலையில் கார் சத்தமே இல்லாமல் லயத்துக்குள் வந்தது. கண்ணாடியை இறக்கிக் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஒன்னே முக்கா மணி நேரம் தம்பி. குழாய் இருந்தப்பவும் இதேதான் ஆயிருக்கும்."

அவர் இறங்கும்போது பார்த்தேன். பக்கத்து சீட் முழுக்கச் சாய்ந்திருந்தது. அதன்மேல் அத்தையின் தலையணை.