வாழையடியில் ஊற்றிய நீர்

குணேஸ்வரி கிண்ணியாவுக்கு பிரசவம் பார்க்கும் அரசாங்க மருத்துவமாதுவாக வந்தது 1961ஆம் ஆண்டு. அதன்பின் இருபது ஆண்டுகள் அவ்வூரின் மணல் ஒழுங்கைகளில் சைக்கிள் ஓட்டினார். எந்த வீட்டில் யாருக்கு எத்தனை மாதம் என்பதைக் பதிவுக் கொப்பி பாராமலே சொல்லுவார். தம்முடைய பிழையையும் அவர் மறைத்ததில்லை. ஸுல்பிகாவின் கதையை எனக்குச் சொன்னவர் அவரே.

1975 செப்டெம்பர், நோன்பு மாதம். வறண்ட கச்சான் காற்றில் கிணறுகள் வற்றி அடி தெரிந்தன. மீன்பிடிக்கும் முனாபின் மனைவி ஸுல்பிகாவுக்கு எட்டாம் மாதம். முந்திய ஆண்டு அவளுடைய முதற்பிள்ளை இறந்தே பிறந்திருந்தது. குணேஸ்வரி நாடாவால் வயிற்றை அளந்தார். இரண்டு கிழமைக்கு முந்திய அளவே இருந்தது. கையை வைத்தால் பிள்ளையின் முழங்கால் தோலுக்கு அடியிலேயே தட்டுப்பட்டது.

“பிள்ளையைச் சுற்றியிருக்கிற தண்ணி குறைஞ்சுபோச்சு. நீர் நோன்பு பிடிக்கிறீரோ?”

“இல்ல மிஸ்ஸி, விட்டுட்டன்.”

“அப்ப சரி. இடப்பக்கம் சரிஞ்சு படும். இந்தக் கூசாத் தண்ணி முழுக்கப் பொழுதுபடமுன் முடியவேணும். ஒரு கிழமை பார்ப்பம். கூடாவிட்டால் பெரியாஸ்பத்திரிதான்.”

“மிஸ்ஸி, என்ட மருமகளை ஒட்டகமாக்கப் போறீங்களோ?” என்று மாமியார் ஆமினா உம்மா சிரித்தார்.

ஒருநாள் விட்டு ஒருநாள் மாலையில் குணேஸ்வரி போய்ப் பார்த்தார். கூசா என்னும் அந்த மண்குடுவை ஒவ்வொரு முறையும் வெறுமையாக இருந்தது. அதைக் கண்டு திருப்தியுடன் திரும்பினார்.

எட்டாம் நாள் அளந்தபோது வயிறு ஒரு விரற்கடை சிறுத்திருந்தது. ஸுல்பிகாவின் உதடுகள் வெடித்திருந்தன. கை கழுவப் பின்புறம் சென்ற குணேஸ்வரி அங்கேயே நின்றுவிட்டார். வேலியோரத்துக் கத்தரியெல்லாம் கருகிக் கிடக்க, ஸுல்பிகாவின் யன்னலோடு நின்ற வாழைக்கன்று மட்டும் குருத்து விட்டிருந்தது. அடிமண் ஈரமாக இருந்தது.

“என்ன பிள்ளை, வாழைக்கோ எட்டாம் மாதம்?”

ஸுல்பிகா அழுதாள். “போன முறை வயித்துப் புள்ளையோட நோன்பை விட்டனான், மிஸ்ஸி. புள்ள மௌத்தாப் போச்சு. இந்த முறையும் விட்டா...”

ஆமினா உம்மா கதிரையில் இருந்துவிட்டார். “அடியே, வயித்துப் புள்ளக்காரி நோன்பை விடலாம், பிறகு புடிக்கலாம். நான் ஆறு புள்ளைக்கும் விட்டனான். ஆறும் இருந்து இப்ப என்னை ஏசுதுகள்!” என்றவர், எழுந்து சென்று தாமே தண்ணீர் கொண்டுவந்தார். ஸுல்பிகா கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள்.

உடனே அவளைத் திருகோணமலைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் துறையில் படகேற்றினர். அக்கரை சேரும்வரை குணேஸ்வரி அவள் வயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை. பிள்ளை ஒருமுறை அசைந்தது, பிறகு அசையவேயில்லை.

ஆஸ்பத்திரியில் பிள்ளையின் துடிப்புக் கேட்டது; தாய்க்குச் சேலைன் ஏற்றினார்கள். நான்காம் நாள் பிள்ளையின் நெஞ்சுத்துடிப்புத் தளரவே, மருந்து ஏற்றி வலியை வருவித்தார்கள். நான்கு இறாத்தல் நிறையில் ஒரு பெண்பிள்ளை பிறந்து அழுதது. அதன் இடப்பாதம் உட்புறமாக வளைந்திருந்தது.

“என்ட நோன்பாலதானோ, மிஸ்ஸி?”

“தண்ணி ஏன் குறைஞ்சதெண்டு டொக்டருக்கே சொல்ல ஏலாது. நான் கூசாவைத்தான் பார்த்தனான், பிள்ளை. உம்மடை உதட்டைப் பார்க்கேல்லை.”

பாதத்தை நிமிர்த்தப் போட்ட மாவுக்கட்டை மாற்றுவதற்காகக் கிழமைதோறும் ஸுல்பிகா பிள்ளையுடன் துறையைக் கடந்தாள். விடுப்புக் கிடைத்த நாள்களில் குணேஸ்வரியும் உடன் சென்றார். ஸல்ஹா என்னும் அப்பிள்ளை மூன்று வயதில்தான் நடந்தாள்.

ஓய்வு பெறும்வரை குணேஸ்வரி எந்த வீட்டிலும் தண்ணீரைக் கொடுத்துவிட்டு எழுந்து போனதில்லை. கர்ப்பிணி கடைசி மிடறை விழுங்கும்வரை எதிரே அமர்ந்திருப்பார்.