விளிம்பில் தட்டி வைத்த மண்

2006-ஆம் ஆண்டு, குளிர்காலம் முடிகிற நேரம். ஓமானில், சோஹார் துறைமுகத்துக்குப் பக்கத்தில் தண்ணீர்க் குழாய் பதிக்கிற சைட்டில் ஃபோர்மேனாக இருந்தேன். அதற்கு முன் பதினேழு வருடம் இந்திய ராணுவத்தில் இருந்தவன் நான். அதில் நாலு வருடம் காஷ்மீர் எல்லையில் பதுங்குகுழியிலேயே கழிந்தது. மோர்ச்சா என்போம். காயாத சாக்ஸ், கம்பளிக்குள் எலி, ஒரு வாளி வெந்நீருக்கு மூன்று நாள் காத்திருப்பு. பீற்றிக்கொள்ள அதில் ஒன்றுமில்லை. ஆனாலும் கேட்க ஆள் கிடைத்தால் நான் சொல்லாமல் விடமாட்டேன்.

பக்கத்து கேங்கின் ஃபோர்மேன் பாகிஸ்தான்காரர். அவரும் மாஜி சிப்பாய். ஒருநாள் டீ குடிக்கும்போது பேச்சுவாக்கில் இடத்தின் பெயரைச் சொல்லப்போய், இரண்டு பேரும் ஒரே மலையில், ஒரே காலத்தில், எதிரெதிரே உட்கார்ந்திருந்தது தெரிந்தது. அவர்தான் முதலில் சிரித்தார். சாயங்காலமானால் எங்கள் பக்கமிருந்து வெங்காயம் வதக்குகிற வாசனை வருமாம், அவர்களுக்கு வயிறு எரியுமாம். அன்றிலிருந்து ஒருவரை விட்டு ஒருவர் டீக்குப் போனதில்லை.

ஓரிடத்தில் பழைய கரண்ட் கேபிள் குறுக்கே போனதால் ஜேசிபி விட முடியவில்லை. ஆள் உயரத்துக்கு மேல் ஆழம், கையால்தான் தோண்ட வேண்டும். அவர் கேங் ஒரு முனையில், என் கேங் மறுமுனையில். இரண்டு பழைய சிப்பாய்களிடம் மண்வெட்டியைக் கொடுத்தால் என்ன ஆகும், போட்டிதான். தோண்டிய மண்ணை விளிம்பிலேயே கொட்டி, மண்வெட்டியின் முதுகால் தட்டித் தட்டி வரப்பு மாதிரி எழுப்ப வைத்தோம். குண்டு வந்தால் அந்த மண்தான் தாங்கும் என்பது இரண்டு ராணுவத்திலும் சொல்லித் தந்த பாடம். சோஹாரில் யார் நம்மைச் சுடப்போகிறார்கள் என்று இருவருக்கும் தோன்றவே இல்லை.

சேஃப்டி ஆபீசர் யாழ்ப்பாணத்துக்காரர், சத்தமாகப் பேசாத மனிதர். பார்த்ததும் என்னிடம் வந்தார்.

"அண்ணை, மண்ணை ரெண்டடி தள்ளிப் போடுங்கோ. இந்த மணல் பாரம் தாங்காது. எங்கட வளவிலயும் பங்கர் வெட்டினனாங்கள், எனக்குத் தெரியும்."

வீட்டுத் தோட்டத்துக் குழியும் மோர்ச்சாவும் ஒன்றா என்று சிரித்தேன். பாகிஸ்தான்காரருக்கும் இந்தியில் சொன்னேன், அவரும் சிரித்தார். சேஃப்டி ஆபீசர் திரும்பி நடந்தார். வேலையை நிறுத்துகிற பேப்பரை எடுக்கத் தன் வண்டிக்குப் போனார்.

அவர் திரும்புவதற்குள் என் பக்கத்துச் சுவர் இறங்கிவிட்டது. பெரிய சத்தம்கூட இல்லை, மூட்டை அவிழ்ந்து அரிசி சரிகிற மாதிரிதான் இருந்தது. உள்ளே நின்றவர் அரியலூர் பக்கத்து ஆள், ரூமில் என் கட்டிலுக்கு மேல்கட்டிலில் படுப்பவர். மார்பு வரைக்கும் மண்.

"அண்ணே, மூச்சு இழுக்க முடியல" என்றார். ஒவ்வொரு முறை மூச்சை விடும்போதும் மணல் இன்னும் கொஞ்சம் இறுக்கியது. நான் குதிக்கப் போனேன். ஓடி வந்த யாழ்ப்பாணத்துக்காரர் பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"குதிச்சா மிச்சமும் விழும். முதல் மேல கிடக்கிற மண்ணை அள்ளுங்கோ."

நானும் பாகிஸ்தான்காரரும் பலகை போட்டுக் குப்புறப் படுத்து, அத்தனை அழகாகத் தட்டி வைத்த மண்ணை இரண்டு கையாலும் பின்னுக்கு வாரினோம். பிறகு சுவரோரம் பலகைகளை இறக்கி முட்டுக் கொடுத்துவிட்டு, யாழ்ப்பாணத்துக்காரர் தாமே உள்ளே இறங்கினார். அந்த ஆளின் மார்புக்கு முன்னால் இருந்த மணலைத் தன் ஹெல்மெட்டால் அள்ளி அள்ளிக் கொடுத்தார். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. ஆள் உயிரோடு வெளியே வந்தார். இரண்டு விலா எலும்பில் விரிசல். எல்லையில் நாலு வருடம் பயந்ததையெல்லாம் சேர்த்தாலும் அன்றைக்குப் பயந்த அளவுக்கு வராது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நானும் பாகிஸ்தான்காரரும் சேஃப்டி ஆபீசரிடம் மன்னிப்புக் கேட்டோம். தப்பு எங்களுடையதுதான் என்று எழுதிக் கொடுக்கிறோம் என்றேன்.

"எழுதுங்கோ" என்றார். பிறகு, "நீங்கள் வெளியில நிக்கிறவனைப் பாத்துக் குழி வெட்டிப் பழகினனீங்கள் அண்ணை. நாங்கள் ஷெல் விழேக்க பிள்ளையளை உள்ளுக்க வச்சிருக்க வெட்டினனாங்கள்" என்றார்.

அதைப் பாகிஸ்தான்காரருக்கு இந்தியில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கேட்டுவிட்டு அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

இப்போது ஊரில் சின்னச் சின்னக் கட்டட வேலைகள் எடுத்துச் செய்கிறேன். குழி வெட்டுகிற நாளில் நான் விளிம்பை விட்டு நகர்வதில்லை, ஆட்கள் கேலி செய்வார்கள். எதிரே இருப்பவனைப் பார்க்க எனக்குப் பதினேழு வருடம் பயிற்சி கொடுத்தார்கள். குழிக்குள் நிற்பவனைப் பார்க்கக் கற்றுக்கொள்ள, ரூம்காரர் ஒருவரை மார்பளவு புதைக்க வேண்டியிருந்ததே என்று இன்றைக்கும் மனசு கூசுகிறது.