‘விட்டுடு’ என்று சொன்னது யார்?

சோதனைத் திடலில் எல்லோருக்கும் அவள் கயித்தக்கா. வீட்டுக் கூரையளவு பட்டம் ஒன்று வானத்தில் ஏறி இழுக்கும். அதன் கயிறு கீழே இருக்கிற உருளையைச் சுழற்றும். உருளை சுற்றச் சுற்ற மின்சாரம். அந்த உருளையின் பிரேக்கில் கை வைத்து உட்கார்ந்திருப்பது அவள் வேலை. தெருவில் யாராவது என்ன வேலை என்று கேட்டால், "பட்டம் விடுறேன்" என்பாள். கேட்டவர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள்.

கயிற்றை மெல்ல நீட்டுவதற்கு ‘விடு’. காற்று முரண்டு பிடித்தால் ‘விட்டுடு’; அப்போது சிவப்புப் பொத்தானை அமுக்கிக் கயிற்றையே கழற்றிவிட வேண்டும். இந்த ஏற்பாடு மேலாளர் செய்தது. ஒருமுறை அவள் வாக்கிடாக்கியில், "எதை சார் விடணும்?" என்று கேட்டு, அத்தனை பேர் முன்னால் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

"கேள்வி கேக்கறது உன் வேலை இல்லை. சொன்னா அமுக்கு."

அன்றிலிருந்து கேட்பதில்லை.

பணம் போடப்போகிறவர்கள் பார்க்க வந்த நாளில் பட்டம் சமர்த்தாகச் சுற்றிக்கொண்டிருந்தது. மேலாளருக்குத் தலைகால் புரியவில்லை. அந்த நேரம் பார்த்து அவருடைய மச்சான் போனில் கூப்பிட்டு யாரைப் பற்றியோ புலம்பினான். மச்சானைச் சமாதானப்படுத்துகிற வேகத்தில் மனுஷன் மறு கையிலிருந்த வாக்கிடாக்கியையும் அமுக்கித் தொலைத்தார். "விட்டுடு, விட்டுடு" என்பது மட்டும் திடல் முழுக்கக் கேட்டது. அவள் அமுக்கினாள். பட்டம் போய் ஏரியில் விழுந்தது.

"காது கேக்காத ஆளை யாருய்யா அங்க உக்கார வச்சது?"

வந்தவர்கள் முன்னாலேயே கேட்டார். அவள் காது நன்றாகக் கேட்டதுதானே குற்றம்! பட்டத்தைத் தூக்கிவிடுகிறவன் கையிலும் ஒரு வாக்கிடாக்கி இருந்தது. அவன் வாயில் கொழுக்கட்டை வைத்தாற்போலத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவளுக்கு வயிறு எரியாதா?

சாயங்காலம் மேலாளர் ஆள் விட்டுச் சொன்னார்: நாளைக்குக் கூட்டத்தில் கை தவறிவிட்டது என்று ஒத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் கிடங்கில் மூட்டை அடுக்கப் போக வேண்டும்.

வீட்டில் புருஷன் பாத்திரம் கழுவிக்கொண்டே, "ஒரு வார்த்தைதானே, சொல்லிட்டு வந்துடேன். அதோட விட்டுடு" என்றான். அவள் பார்த்த பார்வையில் குழாயை மூடிவிட்டு உள்ளே போய்விட்டான்.

மறுநாள் கூட்டத்தில் எழுந்தாள்.

"கை தவறலை சார். நீங்க சொன்னீங்க, அமுக்கினேன்."

மேலாளர் பெருந்தன்மையாகச் சிரித்தார். "சரிம்மா, நடந்தது நடந்துபோச்சு. விட்டுடு."

"இப்ப மேல பட்டம் எதுவும் இல்லையே சார்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகுதான் தூக்கிவிடுகிறவனுக்கு ரோஷம் வந்தது. எழுந்து நின்று, "எனக்கும் கேட்டுச்சு சார், ரெண்டு தடவை" என்றான்.

இப்போது அவசரத்துக்குச் சொல்ல வேண்டிய வார்த்தை ‘கழட்டு’. பிரேக்கில் இன்றைக்கும் அவள்தான். மன்னிப்பா? அதற்குத்தான் அந்த மேலாளரிடம் வார்த்தையே இல்லை.