அவர் பின்னிய ஒரு முழம் ரேந்தை

கல்யாணமாகிப் பழங்காநத்தத்து வாடகை வீட்டுக்கு வந்தபோது என் சாமான்களோடு ஒரு தலையணையும் வந்தது. தூங்குவதற்கான தலையணை இல்லை. வைக்கோலைக் கல்லுப்போல இறுக்கி அடைத்து, மேலே நீலத் துணி போர்த்திய உருளை அது. அதன்மேல் புள்ளி புள்ளியாகத் துளையிட்ட அட்டை ஒன்றைப் பொருத்தி, துளைகளில் குண்டூசி குத்தி, ஊசிகளைச் சுற்றி நூலை மாற்றி மாற்றிப் பின்னிக்கொண்டு போனால் அட்டையிலுள்ள பூவும் வலையும் நூலில் வந்துவிடும். ஒவ்வொரு நூலின் நுனியிலும் விரல் நீள மரக்கட்டை தொங்கும். நாகர்கோவில் பக்கம் நான் படித்த கன்னியாஸ்திரிகள் பள்ளியில் இதை எங்களுக்குப் பழக்கினார்கள். மற்றவர்கள் லேஸ் என்பார்கள். எங்களுக்கு ரேந்தை.

என் மாமியார் சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த குடும்பம். முதல் வாரமே ஒரு கவுளி வெற்றிலையோடு எங்களைப் பார்க்க வந்தவர், அறை வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஏப்பா, இங்கிட்டு வா. இம்புட்டு ஊசிய யாருக்காகக் குத்தி வச்சிருக்கா உம் பொண்டாட்டி?"

என் கணவர் சிரித்தார். "யாருக்கும் இல்லாத்தா. பாவாடை ஓரத்துல வச்சுத் தைக்கிற லேசு அது."

செய்வினை இல்லை என்று அத்தை நம்பியதாகத் தெரியவில்லை. அன்று படுக்கையைக் கூடத்தில் விரிக்கச் சொல்லிவிட்டார்.

என்னிடம் நான்கு மாதிரி அட்டைகள்தான் இருந்தன. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை முடித்து வந்து, சாயங்காலம் ஒரு மணி நேரம் தலையணை முன்னால் உட்காருவேன். இரண்டே வருஷத்தில் நான்கும் மனப்பாடமாகிவிட்டன. கை பாட்டுக்கு ஓடும், மனசு வேறெங்கோ கிடக்கும். புது மாதிரி வேண்டுமென்று பள்ளிக்குக் கடிதம் எழுதினேன். எனக்குச் சொல்லிக்கொடுத்த சிஸ்டர் வேறு ஊருக்கு மாறிப் போய்விட்டதாகப் பதில் வந்தது. மதுரைப் புத்தகக் கடைகளில் கேட்டால் குரோஷாப் புத்தகத்தை எடுத்துப் போட்டார்கள். ஊசியால் பின்னுவதில்லை, கட்டையால் பின்னுவது என்று நான் சொன்னால், "கட்டையாலயா? அப்ப தறி பத்தின புஸ்தகமாம்மா?" என்பார்கள். எம்பிராய்டரி, ஸ்வெட்டர், பாசிமணி எல்லாவற்றுக்கும் புத்தகம் இருந்தது. எனக்குத்தான் இல்லை.

என் கணவர் அரசாங்க அலுவலகம் ஒன்றில் வரைபடம் போடுகிறவர். கால்வாய், மதகு, பாலம். அதிகம் பேசமாட்டார். நான் கடை கடையாக ஏறி இறங்கியதைப் பற்றியும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் நடைபாதையில் பழைய புத்தகம் போட்டிருந்தவரிடம் என் அட்டை ஒன்றைக் காட்டி, "அண்ணே, இதே மாதிரி புள்ளி போட்ட புஸ்தகம் எது வந்தாலும் எடுத்து வைங்க" என்று சொல்லி வைத்திருந்தார். எட்டு மாதம் வாரந்தவறாமல் போய்க் கேட்டிருக்கிறார். அது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

ஒரு சனிக்கிழமை கைப்பையிலிருந்து கனத்த புத்தகம் ஒன்றை எடுத்து என் மடியில் வைத்தார். கொடைக்கானலில் பங்களாவைக் காலி செய்துகொண்டு போன ஒரு வெளிநாட்டு அம்மாளின் சாமான்களோடு வந்ததாம். ஆங்கிலம்கூட இல்லை. சில எழுத்துகளின் தலையில் இரண்டிரண்டு புள்ளி இருந்தது. ஆனால் பக்கத்துக்குப் பக்கம் ரேந்தைப் படங்கள். விசிறி, சிலந்தி, இலை, நான் பார்த்தே இராத வலைகள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பின்னட்டையைப் பிரித்தபோதுதான் தெரிந்தது, மாதிரித் தாள்களை வைத்திருக்க வேண்டிய உறை காலியாக இருந்தது. படம் இருக்கிறது, பின்னுவதற்கான புள்ளி இல்லை.

"விடு. படம் இருக்குல்ல? புள்ளிய நான் போட்டுத் தாரேன்" என்றார்.

கிராஃப் தாளையும் பூதக் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர் போட்ட முதல் மாதிரியில் பின்னினால் நூல் எல்லாம் தொளதொளவென்று சரிந்தது. நான் மூன்று தடவை அவிழ்த்துப் பின்னினேன். தப்பு என் கையில் என்றே நினைத்தேன். பிறகு படத்தையும் அட்டையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், படத்தில் பெரிய ஓட்டை தெரிந்த இடத்திலெல்லாம் அவர் புள்ளி வைத்திருந்தார். அது நூல் விலகி நிற்கிற இடம். ஊசி நிற்பது நூலும் நூலும் சந்திக்கிற இடத்தில்.

"இதை நீ முந்தியே சொல்லக் கூடாதா?" என்றார்.

"நீங்க கேக்கல்லியே" என்றேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அதற்குள் எனக்கு இரண்டு முறை கரு தரித்துக் கலைந்திருந்தது. மூன்றாவது முறை உண்டானபோது, டாக்டரம்மா படுக்கையை விட்டு எழுந்திருக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார். வேலைக்கு லீவு எழுதிக் கொடுத்தேன். அத்தை சோழவந்தானிலிருந்து வந்து சமையலை எடுத்துக்கொண்டார். நான் மல்லாந்து படுத்து உத்தரத்தைப் பார்த்துக் கிடந்தேன். ஒவ்வொரு நாளும் உடம்பில் எது வலித்தாலும் பயம். யாரிடமும் சொல்லப் பயம். ஒரு நாள் அவர் ஆபீஸிலிருந்து வந்தபோது என் முகத்தைப் பார்த்தார். அழுதது தெரிந்திருக்கும். கை கால் கழுவிவிட்டு, மூலையிலிருந்த ரேந்தைத் தலையணையைத் தூக்கிவந்து என் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்து, எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"சொல்லு. மொதல்ல எந்தக் கட்டைய எடுக்கணும்?"

"உங்களுக்கு எதுக்கு இது?"

"நீ சொல்லு."

நாலு கட்டையை எடுத்து நடுவிலுள்ள இரண்டை மாற்றினால் குறுக்கு. பிறகு ஒவ்வொரு ஜோடிக்குள்ளும் மாற்றினால் முறுக்கு. ரேந்தை முழுவதும் இந்த இரண்டுதான். நான் படுத்தபடியே "குறுக்கு... முறுக்கு... இப்ப ஊசி" என்று சொல்லச் சொல்ல, பாலத்துக்குக் கோடு போடுகிற அந்தக் கை தடுமாறித் தடுமாறிப் பின்னியது. முதல் நாள் ஒரு நகம் அளவு. கட்டைகள் ஒன்றோடொன்று மோதும் சத்தம் மட்டும் அறையில் கேட்டது. அந்த ஒரு மணி நேரம் எனக்கு வயிற்றின் நினைவே வரவில்லை.

மறுநாளும் உட்கார்ந்தார். அதற்கு மறுநாளும். அவர் எடுத்தது விசிறி விளிம்பு, அவரே புள்ளி திருத்தி வைத்த மாதிரி அட்டை.

அத்தை மூன்று நாள் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனார். ஆம்பிளைப் பிள்ளை இப்படி உட்காருவதைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று நான் காத்திருந்தேன். நான்காவது நாள் காபியைக் கொண்டுவந்து மகன் பக்கத்தில் வைத்தவர், அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"அவ முறுக்குனு சொல்லி எம்புட்டு நேரமாச்சு, இன்னும் அந்தக் கட்டையவே புடிச்சுக்கிட்டு இருக்கியேப்பா" என்றார்.

அதிலிருந்து அத்தை தினமும் வந்து உட்கார்ந்தார். அட்டையிலிருந்து ஊசி கீழே விழுந்தால் தேடி எடுத்துக் கொடுப்பார். ஒரு சாயங்காலம் என் தலைமாட்டில் உட்கார்ந்து முடியைக் கோதியபடி, "எனக்கும் இவனுக்கு முன்னால ரெண்டு தங்காமப் போச்சுத்தா" என்றார். மகன் இருக்கும்போது சொன்னார். என் கணவருக்கும் அது அன்றுதான் தெரியும். அவர் கை நின்றது. நான்தான் "குறுக்கு" என்றேன்.

ஒன்பதாம் மாதத் தொடக்கத்தில் பெண் பிறந்தாள். எடை குறைவுதான், ஆனால் சத்தம் பலமாக இருந்தது. ஐந்து மாதத்தில் அவர் பின்னி முடித்திருந்தது ஒரு முழம். விசிறிகள் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இருந்தன. அதைப் பிள்ளையின் சட்டையில் தைக்கலாம் என்று எடுத்தேன். அத்தை கை நீட்டி வாங்கிக்கொண்டார்.

"இது எனக்கு. ரவிக்கைக் கையில வச்சுத் தச்சுக் குடு."

"ஒரு கைக்குத்தான் காணும் அத்தை."

"அப்ப இன்னொரு கைக்கு நீ பின்னு."

அதே அட்டையில், ஆறு வாரத்தில் நான் பின்னிக் கொடுத்தேன். மறுவருஷம் சோழவந்தானில் பிள்ளைக்குக் காது குத்தியபோது, அத்தை அந்த ரவிக்கையைப் போட்டுக்கொண்டு வந்தார். சொந்தக்காரப் பெண்கள் எல்லாம் கையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்டார்கள்.

"கடையில எங்கிட்டு வாங்க? இந்தா, அளவா இருக்கே, இது எம் மருமக பின்னுனது." பிறகு மற்ற தோளைத் திருப்பிக் காட்டினார். "கோணலா இருக்கே, இது எம் மகன் பின்னுனது."

பெண்கள் என்னைப் பார்த்தார்கள். ஆமாம் என்று தலையாட்டினேன். என் கணவர் காதெல்லாம் சிவக்க, சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு பந்திப் பக்கம் போய்விட்டார். அத்தை அந்தக் கோணல் விசிறிகளைத் தடவியபடியே நின்றிருந்தார்.