அட்டைப் படத்தில் இல்லாத கீபோர்டுக்காரர்

சென்ற மாதம் பக்குரங்காவிலுள்ள தன் வீட்டில் கென்னத் தேவசகாயம் தூக்கத்திலேயே காலமானார். விடிந்ததும் அவர் மனைவி மேரி அக்கா தொலைபேசியில் சொன்னார். ஈப்போவிலிருந்து இந்த நாட்டுக்குப் படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர். நம் பொங்கல், தீபாவளி விழாக்களில் ஒலிபெருக்கி பார்த்த அதே சகாயம் அண்ணன்தான். மைக் கூவாமல் நடந்த விழாக்களெல்லாம் அவர் இருந்த விழாக்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் 'பேப்பர் லிஃப்ட்ஸ்' என்ற நியூ வேவ் ராக் பேண்டில் கீபோர்டு வாசித்ததாக உங்களில் சிலரிடமும் அவர் சொல்லியிருப்பார். நம்பியிருக்க மாட்டீர்கள். நானும் நம்பவில்லை.

மனுரேவாவில் நான் கடை திறந்த புதிது. மின்தராசு பழுதாகி, மின்கருவிகள் திருத்தும் தொழில் பார்த்த அவரைக் கூப்பிட்டேன்.

"தம்பி, இது ஒனக்கு லாபமா காட்டுது. திருத்தணுமா, வேணாமா?"

"திருத்துங்கோ அண்ணை. பிடிபட்டால் கடையைப் பூட்ட வேண்டியதுதான்."

சிரித்துக்கொண்டே திருகாணியைக் கழற்றியவர், பேண்ட் கதையைச் சொன்னார். கதை சொல்லும் ஆள் அதையும் பில்லில் கூட்டிப் போடுவான் என்று காத்திருந்தேன். கூலி நியாயமாகவே இருந்தது. அதனால் சந்தேகம் இன்னும் கூடியது.

அடுத்த வாரம் இசைத்தட்டையே கொண்டுவந்து தந்தார். அட்டையில் ஒரு லிஃப்ட் வாசலில் மூன்று வெள்ளைக்காரர்கள்.

"நாலு பேர் எண்டனீங்கள். உங்களைக் காணேல்லையே?"

"யாராச்சும் படம் எடுக்கணும்ல? கேமரா என்னோடது லா."

நம் கல்யாண ஆல்பங்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. கேமரா வைத்திருக்கும் சித்தப்பா எந்தப் படத்திலும் இருப்பதில்லை. ஆனால் கேட்ட மாத்திரத்தில் பொருத்தமான பதில் வந்தால் வியாபாரி ஒரு அடி பின்வாங்குவான். அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். பின்னால் பேண்டின் பெயர் மட்டும்; ஆள் பெயர் ஒன்றுகூட இல்லை. பேண்ட் இருந்தது ஒன்றரை வருடம், வெளிவந்தது ஒரே இசைத்தட்டு. டிரம்ஸ்காரர் சிட்னிக்குப் போனார், இவருக்குக் கடைசி வருடப் பரீட்சை வந்தது. "பேண்டெல்லாம் சண்டையில சாகும். எங்களோடது பரீட்சையில செத்துச்சு" என்பார். தட்டை வாங்கி அலமாரியில் வைத்தேன். போட்டுக் கேட்கவில்லை.

அடக்கம் முடிந்த வாரம், சிறிய இசைத்தட்டுக் கம்பெனி நடத்தும் ஒரு இளைஞன் அவர் வீட்டுக்கு வந்தான். இப்போது இந்தப் பழைய சங்கீதத்துக்குக் கிராக்கியாம். மறுபடி வெளியிடப் போகிறானாம். பேண்டுக்கு ஒலிப்பதிவு பார்த்தவர் என்று மட்டும் இவரைப் பற்றிக் கேள்விப்பட்டு, பழைய கேசட்டுகள் இருக்கின்றனவா என்று கேட்டான். அவன் கொண்டுவந்த ஒப்பந்தத்தில் மூன்று பெயர்கள், மூன்று பங்கு. அட்டைப் படத்தில் இருக்கும் அதே மூவர்.

மேரி அக்கா என்னை அழைத்தார். "காசு கெடக்கட்டும் தம்பி. இத்தனை வருஷம் அப்பா பொய் சொன்னாருன்னு புள்ளைங்க நெனைச்சிடக் கூடாது. அது போதும்."

எனக்கோ, அது பொய்யாகவே இருந்துவிட்டால் என்ற பயம். அக்காவிடம் சொல்லாமல், ஒப்பந்தத்தில் பெயர் இருந்த, பேண்டில் பாடிய சூசனைத் தேடி எப்சம் பகுதிக்குப் போனேன். பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுக்கிறார். என்னை யாரென்று சொல்லாமல், பழைய இசைக்கருவி வாங்கும் ஆள்போல் பேச்சுக் கொடுத்தேன்: உங்கள் பேண்டின் கீபோர்டு விலைக்கு வருமா?

"அது கென்னிடம் இருக்கும். வேறு யாரையும் தொடவே விடமாட்டான்" என்றார் சிரித்துக்கொண்டு. "அவனைப் பார்த்தால் என்னைக் கூப்பிடச் சொல்லுங்கள்."

சகாயம் அண்ணன் இறந்த செய்தி அந்த அம்மாவுக்குத் தெரியாது. பொய் சொல்லி உள்ளே நுழைந்த நான்தான் அதைச் சொல்ல வேண்டியிருந்தது. பியானோ ஸ்டூலில் உட்கார்ந்து பியானோவின் மூடியைச் சாத்தினார். என் வாழ்க்கையில் நான் வெட்கப்பட்ட பேரம் அது ஒன்றுதான்.

பிறகு அட்டைப் படத்தைப் பற்றி அவரே சொன்னார். "நான் எடுக்கிறேன், நீ வந்து நில் என்று அன்றைக்கே கேட்டேன். மறுத்துவிட்டான். அப்பா வீட்டை அடகு வைத்துப் படிக்க அனுப்பியிருக்கிறார், இந்த அட்டை ஈப்போவுக்குப் போய்ச் சேரக் கூடாது என்றான். பெயரும் வேண்டாம் என்றான். அவன் பெயர் இல்லாத அட்டையில் எங்கள் பெயரும் வேண்டாம் என்று விட்டுவிட்டோம்."

ஆக, கேமரா கதை பாதி உண்மை. மீதிப் பாதியை அவர் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. நான் போய்ச் சொன்னபோது மேரி அக்கா அழுகையும் சிரிப்புமாக, "மாமனாருக்கா இவரு பயந்தாரு! மாமனாரே கோயில் கொயர்ல பாடுனவரு லா" என்றார்.

அன்று வீட்டுக்கு வந்து தட்டைப் போட்டேன். எனக்கு அந்தச் சங்கீதம் விளங்காது. ஆனால் சூசனின் குரல் தடுமாறும் இடங்களிலெல்லாம் கீபோர்டு ஒன்று அடியில் வந்து தாங்குவது கேட்டது. "மொதல்ல கேளு, அப்புறமா சத்தத்தைக் கூட்டு" என்று விழா மேடைகளில் அவர் பையன்களை அதட்டுவார். அந்தச் சொல்லும் இந்தத் தட்டும் என்னிடம் இருக்கும். தட்டு விற்பனைக்கு இல்லை.

சென்ற வெள்ளிக்கிழமை மேரி அக்காவின் சாப்பாட்டு மேசையில், மற்ற இருவரின் சம்மதத்தோடு வந்த சூசன், அந்த இளைஞன், நான் எல்லோரும் உட்கார்ந்து பேசினோம். முடிவானது இது: உரிமை விற்கப்படவில்லை, ஐந்து வருடக் குத்தகை மட்டும். வருமானத்தில் கம்பெனிக்குப் பாதி. மறுபாதி நான்கு சம பங்கு, அதில் ஒன்று மேரி அக்காவுக்கு. பின் அட்டையில் நான்கு பெயர்கள். கீபோர்டும் புகைப்படமும்: கென்னத் தேவசகாயம், ஈப்போ.